கொல்லிமலையும் மேசியாக் குறிகளும்

சமய நூல்கள் தாம் கருதிய பொருளை வெளிப்படையாகக் கூறுமிடமும் உண்டு. குறியானும் உருவகத்தானும் உணர்த்துமிடமும் உண்டு. வெளிப்படையாகக் கூறியவிடத்துப் பிணக்குக் குறைவு. குறியாற் கூறியவிடத்தோ, நூல் ஒன்றாயிருக்கப் பொருள் பலவாய், பொருள் பலவாகவே சமயமும் பலவாய்ப் பிரிந்து போதலைக் காண்கின்றோம். யூதருடைய பழைய வேதத்தில், வரவிருக்கும் மேசியாவைக் குறித்துச் சொல்லப்பட்டனவாகக் கிறித்தவர் கொள்ளும் தீர்க்கதரிசனக் குறிகள் இவ்வகையின. துளிர், விண்மீன், கழுதைக்குட்டி, மீன், துன்புறும் அடியான் என வரும் அக்குறிகளைச் சைவர் எவ்வாறு படித்தல் வேண்டும், எவ்வாறு படித்தலாகாது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

"பிறர் வேதத்துக் குறிகளால் நமக்கு ஆவதென்னை?" எனச் சில அன்பர் வினவக்கூடும். ஆவது உண்டு. சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறி முடிந்த காலந்தொட்டு, இக்குறிகள் தமிழ்மக்கள்முன் சான்றாக நிறுத்தப்பட்டு வருகின்றன. "இன்ன தீர்க்கன் இன்னது சொன்னான், அஃது இன்னவிடத்து நிறைவேறிற்று, ஆதலின் எம் சமயமே மெய்" என்னும் வாதம் நம்மவர் பலர் கேட்டதே. நம் நூல்களிலுள்ள குறிகளுக்கும் அம்மேசியாவே பொருள் என்று கூறுவாரும் எழுந்தனர். இவற்றுக்கு விடை கூறுவார்க்கு முதற்கண் வேண்டுவது அக்குறிகளை உள்ளவாறு அறிதல். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் உலோகாயதன் முதல் பாஞ்சராத்திரி ஈறாகப் பிற மதத்தாரை மறுக்குங்கால், முன்னர் அவரவர் கொள்கையை அவரவர் வாய்மொழி போலவே நிறுத்திப் பின்னரே மறுதலை கூறினார். அம்முறையே நமக்கு நெறி.

இவ்வாராய்ச்சிக்குக் கொல்லிமலையை இடமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. இஞ்ஞான்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கியுள்ள இம்மலை வல்வில் ஓரி ஆண்டது. தேவாரத்தில் வைப்புத்தலமாக எண்ணப்படும் அறப்பள்ளி விளங்குவது. மலையாளிகள் எனப்படும் குடிமக்கள் வழிவழி வாழ்வது. 1913ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டு, எவெலின் பிராண்டு என்னும் ஆங்கிலக் கணவன் மனைவியர் கிறித்தவ ஊழியத்தின் பொருட்டு ஏறிக் குடியமர்ந்ததும் இம்மலையே. ஒரு குறி காலந்தோறும் பொருள் மாறுதலையும், இரு சமயத்துக் குறிகள் ஒன்றையொன்று எதிர்கொள்ளுதலையும் ஒருங்கே காண இது தக்க களமாகும்.

முதற்கண் கொல்லிப்பாவையை நோக்குக. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் வரும் அப்பாவை தெய்வமோ பூதமோ இயற்றியது. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினும் தன் வடிவு திரியாதது. புலவர் அதனைத் தலைவியின் எழிலுக்கு உவமையாக்கினர். அகப்பாட்டாதலின் அங்கு வேண்டியது அழியா அழகு ஒன்றே. பிற்கால வழக்கிலோ, அப்பாவை நகைத்து வருவாரை மயக்கிக் கொல்லும் பொறியாயிற்று. இக்காலத்தில் மலைமேலுள்ளார் எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவை என்றே போற்றி வழிபடுகின்றனர். பாவை ஒன்று; பொருள் மூன்று. மூன்றும் தத்தம் காலத்தில் மெய்யே. ஆயின், "சங்கப் புலவன் தலைவியைப் புனைந்தபோதே பிற்காலத்து எட்டுக்கை அம்மனை முன்னறிந்து பாடினான், இஃது அம்மன் பெருமைக்குச் சான்று" என ஒருவர் வாதிப்பாராயின் அதனை ஏற்பாரோ? அம்மனை வழிபடும் அடியவரும் ஏலார். வழிபாட்டுக்கு அச்சான்று வேண்டுவதுமன்று.

இனி, கொல்லி மழவன் மகள் வரலாற்றை நோக்குக. அப்பெண் முயலகன் என்னும் நோயால் வருந்த, தந்தையாகிய மழவன் அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருக்கோயிலிற் கொணர்ந்து கிடத்தினான். ஆளுடைய பிள்ளையார் அங்கு எழுந்தருளிப் பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்தருளினார் எனச் சேக்கிழார் பெருமான் உரைப்பார். முயலகன் என்பதோ கூத்தப்பிரான் திருவடிக்கீழ்க் கிடப்பவனுக்கும் பெயர். அவனை ஆணவமலத்தின் குறியாகச் சித்தாந்திகள் கொள்வர். ஆகவே, மழவன் மகளின் நோய் தீர்ந்த வரலாற்றைப் படிக்கும் சைவன், திருவடி நோக்கால் மலவலி கெடுதலையும் அதன்கண் எண்ணி இன்புறலாம். ஆனால் அக்கருத்தை எண்ணும்போதும், நோயுற்றுக் கிடந்த ஒரு பெண்ணும் கலங்கி நின்ற ஒரு தந்தையும் அவ்வரலாற்றினின்று மறைந்துபோதல் ஆகாது. நோய் நோயே, அதன்மேல் எழும் குறிப்பு அதனைத் துடைத்துவிடுவதன்று.

இவ்விரண்டு எடுத்துக்காட்டாலும் பெறப்படும் விதி இது: குறி ஒவ்வொன்றுக்கும் அது பிறந்த காலத்தில், பிறந்த இடத்தில், கேட்டோர்க்கு விளங்கிய நேர்ப்பொருள் ஒன்று உண்டு. பின்வந்தோர் தம் அன்பினாலும் அநுபவத்தினாலும் அதன்மேல் ஏற்றிக் கண்ட மேற்பொருள் வேறு. ஆசிரியர் தொல்காப்பியனார் நிலத்தையும் பொழுதையும் "முதல்" என்று பெயரிட்டது பாட்டுக்கேயன்றி எல்லா நூற்கும் ஏற்றதொரு நெறியே. நிலமும் பொழுதும் அறியாது பொருள் காண்பான், முதலின்றி வாணிகம் செய்வான்.

இவ்விதியைக் கைக்கொண்டு மேசியாக் குறிகளிற் சிலவற்றைக் காண்போம். "மேசியா" என்னும் எபிரேயச் சொற்கு எண்ணெய் வார்த்துத் திருமுழுக்குச் செய்யப்பெற்றவன் என்பதே பொருள். நம்மவர் முடிசூட்டிலும் ஆசாரியாபிடேகத்திலும் செய்யும் அபிடேகத்தை இதனோடு ஒருபுடை ஒப்பிடலாம். பழைய ஏற்பாட்டில் இச்சொல் அரசர்க்கும் குருமார்க்கும் வழங்கிற்று. கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றி, சிறைப்பட்ட யூதர் தம் நாடு மீள வழிசெய்த பாரசீக வேந்தன் கோரேசையும் ஏசாயா நூலின் 45ஆம் அதிகாரம் இச்சொல்லாலேயே குறிக்கின்றது. அவன் யூதனல்லன், யூதர் கடவுளை அறியாதவன் என்று அந்நூலே கூறும். எனவே இச்சொல் வருமிடமெல்லாம் உலகிறுதி வரை நோக்கிய ஒரே மீட்பனைக் குறிக்கும் என்பது பொருந்தாது.

ஈசாயின் அடிமரத்தினின்று துளிர் எழும் என்னும் குறி ஏசாயா 11ஆம் அதிகாரத்திலுள்ளது. ஈசாய் என்பான் தாவீதரசனின் தந்தை. கொல்லிமலை ஏறிய பாதிரியார் ஜெஸ்ஸிக்கு அமைந்த பெயரும் அதுவே. அதற்கு முந்திய அதிகாரத்தின் இறுதியைப் படித்தாற்றான் இக்குறியின் அழகு விளங்கும். அங்கே அசீரியப் பேரரசின் செருக்குக் காடு வெட்டுண்டு வீழ்வதுபோல வீழும் எனப்படுகின்றது. வெட்டுண்ட காட்டுக்கு எதிராக, வெட்டுண்ட அடிமரத்தினின்று தளிர்க்கும் அரசமரபு காட்டப்படுகின்றது. சாய்ந்த குடி மீண்டும் தழைக்கும், அதன் அரசன் ஏழைகட்கு நடுவு நிலையில் நீதி வழங்குவான் என்னும் ஆறுதலே அதன் நேர்ப்பொருள். கிறித்தவர் அத்துளிரை இயேசு எனக் கண்டது மேற்பொருள்.

ஏசாயா 7ஆம் அதிகாரத்து இம்மானுவேல் என்னும் குழந்தைக் குறி பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. கி.மு. 735ஐ ஒட்டி, சிரியாவின் மன்னனும் வட இசுரவேல் மன்னனும் ஒன்றுகூடி யூதாவின் மன்னன் ஆகாசு மேல் படையெடுத்தனர். அஞ்சி நடுங்கிய ஆகாசுக்குத் தீர்க்கன் ஓர் அடையாளம் கூறினான்: ஓர் இளம்பெண் மகவு ஈன்பாள், அம்மகவு நன்மை தீமை பகுத்தறியும் பருவம் எய்துமுன் அவ்விரு மன்னர் நாடும் பாழாகும் என்பது. கி.மு. 732இல் தமசுகு அசீரியர் கைப்பட்டது. எபிரேய மூலத்தில் அப்பெண்ணைக் குறிக்கும் "அல்மா" என்னும் சொற்குப் பருவம் எய்திய இளம்பெண் என்பது பொருள். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தோர் "பார்த்தேனொசு" என, கன்னி என்று பொருள்படும் சொல்லை இட்டனர். மத்தேயு அக்கிரேக்கச் சொல்லைக் கொண்டே கன்னிப் பிறப்புக்கு இதனை மேற்கோளாக்கினார். எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்வதொன்று, அன்று முற்றுகைக்கு அஞ்சிய ஆகாசுக்கு எங்ஙனம் அடையாளமாகும் என்பதே யூத ஆசிரியர் கேட்ட வினா. அவ்வினா நேர்மையானது.

சகரியா 9ஆம் அதிகாரத்தில், அரசன் கழுதைமேல், கழுதைக் குட்டிமேல் வருகின்றான் எனப்படுகின்றது. ஒரு கருத்தை இரண்டு தொடரால் அடுக்கிக் கூறுவது எபிரேயச் செய்யுளின் இயல்பு. நம் இலக்கணத்தார் ஒருபொருட் பன்மொழி என்பதனோடு ஒருவாறு ஒத்தது. அடுத்த வசனத்தில் தேரும் போர்க்குதிரையும் வில்லும் நீக்கப்படும் என வருதலின், போர்க்குதிரைக்கு மாறாகிய கழுதை அமைதியின் குறி என்பது தெளிவு. இயேசு எருசலேமுள் நுழைந்ததை உரைக்கும் மாற்கும் லூக்காவும் ஒரு குட்டியையே கூறினர். மத்தேயுவோ தாயும் குட்டியுமாக இரண்டு விலங்கு கொணரப்பட்டன என்றார். அடுக்குத் தொடரை இரு பொருளாக எண்ணி எழுத்துப்படி நிறைவேற்றிக் காட்டும் ஆர்வத்தில், அமைதி என்னும் உயிர்க்குறிப்பு விலங்கின் தொகையிற் கரைந்தது. குறியை எழுத்தாகப் படித்தலால் வரும் இழப்பு இது.

எண்ணாகமம் 24ஆம் அதிகாரத்தில் பிலேயாம் கூறிய விண்மீன் குறி இன்னும் கூர்மையான படிப்பினை தருவது. யாக்கோபினின்று ஒரு விண்மீன் எழும் என்பது அது. கி.பி. 132இல் உரோமரை எதிர்த்து எழுந்த சீமோன் என்னும் தலைவனே அவ்விண்மீன் என இரபி அக்கிபா என்னும் பேரறிஞர் கொண்டார். சீமோனும் "விண்மீனின் மகன்" எனப் பொருள்படும் பர் கொக்குபா என்னும் பெயர் பெற்றான். 135இல் அவ்வெழுச்சி அழிவில் முடிந்தது. பின்னையோர் அவன் பெயரைத் திரித்து "பொய்யின் மகன்" என்று பொருள்பட வழங்கினர். அக்கிபா கல்வியில் குறைந்தவரல்லர். வேதத்தில் அன்பு குறைந்தவருமல்லர். அவர் கொண்ட குறியும் கிறித்தவர் கொண்ட குறியும் ஒன்றே. ஆள் மட்டும் வேறு. குறி தானே தனக்குரிய ஆளைச் சுட்டிக் காட்டுவதாயின் இம்மாறுபாடு நேருமோ? குறி ஆளைச் சுட்டுவதில்லை. ஆளின்மேல் நம்பிக்கை வைத்தோர் குறியைச் சென்று எடுக்கின்றனர் என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

மீன் குறியையும் காண்போம். யோனா என்னும் தீர்க்கன் பெரு மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்து மீண்டான் என்பது பழங்கதை. யோனாவின் அடையாளமே இத்தலைமுறைக்குத் தரப்படும் என இயேசு கூறியதாக மத்தேயுவும் லூக்காவும் எழுதினர். மத்தேயுவின் 12ஆம் அதிகாரத்தில் அது மூன்று நாள் புதைந்து எழுதலின் குறி. லூக்காவின் 11ஆம் அதிகாரத்திலோ மீனும் மூன்று நாளும் பேசப்படவில்லை. நினிவே மாந்தர் யோனாவின் சொற்கேட்டுத் திருந்தியதே அடையாளமாக நிற்கின்றது. ஒரே ஆசிரியர் வாய்மொழிக்கு அவருடைய அடியவர் இருவரே இருவேறு பொருள் கண்டனர். கொல்லிமலை அறப்பள்ளியிலும் மீன் உண்டு. அங்கு ஆற்றில் வாழும் மீன்களை இறைவன் வடிவாக எண்ணி அன்பர் உணவிட்டுப் போற்றுவர். அறுத்துக் கறியாக்கிய மீனும் பொருந்தி உயிர்பெற்று நீரிற் பாய்ந்தது எனத் தலவரலாறு கூறும். "யோனாவின் மீனும் அறப்பள்ளி மீனும் ஒன்றே" என எவரேனும் கிளம்புவாராயின் இருவர்க்கும் தீங்கு செய்தவராவர். யோனாவின் மீன் இறைவன் ஏவலாள். அறப்பள்ளி மீன் இறைவன் அருள் உறையும் உயிர். ஒன்று தப்பி ஓடினவனைத் திருப்பி அனுப்பும் கதை. மற்றொன்று கொல்லாமையை மலைமக்கள் நெஞ்சில் நாட்டும் கதை. மீன் என்னும் பெயரொன்றே பொது.

நேர்ப்பொருளை முற்படுத்தும் இம்முறை கிறித்தவர்க்குப் புறம்பானதன்று. கி.பி. 428இல் மறைந்த மொப்சுவெசுத்தியாவின் தியோதோர் என்னும் ஆயர், சங்கீதங்கள் நூற்றைம்பதனுள் நான்கே மேசியாவை நேரே குறிப்பன என்று வரையறுத்தார்; மற்றவற்றுக்கு அவை பாடப்பட்ட காலத்தை நோக்கியே பொருள் கண்டார். அவர் இறந்து நூறாண்டுக்கு மேலான பின், 553இல் கூடிய கான்சுதாந்திநோபிள் சங்கம் அவரைக் குற்றவாளியாக்கிற்று. ஆயினும் இஞ்ஞான்று கிறித்தவக் கல்லூரிகளில் வேதம் ஓதும் ஆசிரியர் பலர் அவர் காட்டிய வழியிலேயே முதலடி வைக்கின்றனர். ஆகவே, இம்முறையை நாம் எடுத்துக்கூறுதல் பகையுரையன்று. அவர் வீட்டுப் பொருளை அவர்க்கே நினைவூட்டுதலாம்.

இவ்விடத்து ஒரு தடை எழும். "மேற்பொருள் காணுதல் நும்மவரிடத்தும் உண்டன்றோ? வேதாந்த சூத்திரம் ஒன்றே. சங்கரர் அதில் நிர்க்குணப் பிரமத்தைக் கண்டார், இராமாநுசர் நாராயணனைக் கண்டார், நீலகண்டர் சிவனைக் கண்டார். நுமக்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதியோ?" என்பது. இத்தடை வலியது, மழுப்பிச் செல்லத்தக்கதன்று. மேற்பொருள் காணுதல் குற்றமன்று. எந்தச் சமயமும் அஃதின்றி வாழாது. அதற்கு எல்லை மூன்று உண்டு. நேர்ப்பொருளை மறைக்காதிருத்தல் ஒன்று. நேர்ப்பொருளோடு முரணாதிருத்தல் ஒன்று. தம் மரபினர்க்கு அநுபவமாக வழங்கியதனைப் பிற மரபினர்க்குப் பிரமாணமாகத் திணியாதிருத்தல் ஒன்று. காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளுள் உரையளவை அவ்வுரையை ஏற்றார்க்கே அளவையாகும். நீலகண்ட பாடியத்தைக் காட்டி ஒரு கிறித்தவரைச் சிவனை ஏற்கச் சொல்லுதல் எத்துணைப் பயனற்றதோ, மத்தேயு கண்ட நிறைவேற்றத்தைக் காட்டி ஒரு சைவரைத் திருப்புதலும் அத்துணைப் பயனற்றது.

இம்மூன்று எல்லையையும் கடந்த முயற்சிகள் நம் நாட்டில் நிகழ்ந்தன. வங்கத்துக் கிருஷ்ண மோகன பானர்சி 1875இல் வெளியிட்ட நூலில், வேதத்துப் பிரசாபதி தன்னைத் தானே வேள்வியாக்கியதனைக் கிறித்துவின் பலிக்கு முற்குறி என்றார். தமிழகத்தில் 1980களில் மு. தெய்வநாயகம் அவர்கள் விவிலியம், திருக்குறள், சைவ சித்தாந்தம் மூன்றையும் ஒப்பிட்டு எழுதிய ஆய்வில், சைவ சித்தாந்தம் கிறித்துவத்தினின்று கிளைத்ததாக நாட்ட முயன்றார். அதனைச் சித்தாந்தப் பேரறிஞர் அருணை வடிவேல் முதலியார் அவர்கள் விரிவாக மறுத்து எழுதிய நூல் 1991இல் தருமபுர ஆதீனத்தின் சார்பில் வெளிவந்தது. இத்தகைய ஒப்பீடுகளின் அடிப்படைப் பிழை ஒன்றே: ஒப்புமையைக் கண்டவுடன் ஒருமையைக் கொண்டுவிடுதல். நஞ்சுண்ட கண்டத்தைச் சிலுவைப்பாட்டோடு ஒப்பிடுவதனை இதற்குச் சான்றாகக் கொள்க. பிறர்பொருட்டுத் துன்பம் ஏற்றல் என்னும் அளவில் இரண்டும் ஒக்கும். ஆனால் சிலுவைக் குறியின் உயிர்நிலை இறத்தல். நஞ்சுண்ட குறியின் உயிர்நிலை இறவாமை. பிறப்பும் இறப்பும் இல்லாதவன் பதி, அவரவர் வினையை அவரவரே நுகர்ந்து தீர்த்தல் வேண்டும் என்னும் கொள்கையின்மேல் நிற்பது நம் குறி. ஒருவர் பாவத்தை மற்றொருவர் சுமத்தல் கூடும் என்னும் கொள்கையின்மேல் நிற்பது அவர் குறி. வேர் வேறாயிருக்க இலை ஒத்தது கண்டு மரம் ஒன்றென்பார் மரம் அறியார்.

நம் பக்கத்துப் பிழையையும் சொல்லாமல் விடுதல் நடுவுநிலையாகாது. மேசியாக் குறிகளை மறுக்கப் புகுந்த நம்மவர் சிலர், ஆராய்ச்சியை விட்டு நகையாடலைக் கைக்கொண்டனர். "ஆட்டுக்குட்டியைக் கும்பிடுவார், கழுதையேறியைத் தொழுவார்" என்பது போன்ற உரைகள் மேடைகளில் கைதட்டல் பெறும். ஆட்டுக்குட்டி என்பது அவர்க்குக் குற்றமற்ற பலியின் குறி என்பதனை அறிந்தும் அவ்வாறு பேசுதல், இலிங்கத்திருமேனியின் பொருளறியாது இழித்துப் பேசினாரோடு நம்மையும் ஒரு நிரையில் நிறுத்தும். தில்லைக் கூத்தின் துடியும் தீயும் ஊன்றிய அடியும் தூக்கிய அடியும் எவ்வெத் தொழிலைக் குறிக்கும் என்பதனை மனவாசகங் கடந்தாரிடம் கேட்டறிதல் வேண்டும் என்று பிறரை நாம் வற்புறுத்துகின்றோம். அவர் குறியை அவர் ஆசிரியரிடம் கேட்டறிதல் நமக்கும் கடன்.

இக்கடனைச் செய்து காட்டினார் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர் அவர். அவ்வேதத்தை வரி வரியாக அறிந்தவர். 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளை இகழ்ந்தார்க்கு விடையாக யூதருடைய ஆலயத்தையும் விளக்கையும் தூபத்தையும் பலியையும் அவ்வேதத்தினின்றே எடுத்துக்காட்டினார். அவற்றுக்குக் குறிப்புப்பொருள் உண்டு என்று கொள்வார், சைவக் கிரியைக்கு மட்டும் பொருளில்லை என்றல் யாங்ஙனம் என்பது அவர் வாதத்தின் சாரம். நகையாடல் அவர்க்கு வேண்டப்படவில்லை, படிப்பே போதியதாயிற்று. அவரை வாயாரப் புகழும் நாம், அவர் படித்த படிப்பிற் பத்திலொரு பங்கேனும் படித்தோமா என்பது நம் நெஞ்சைக் கேட்கவேண்டிய வினா.

எஞ்சியது துன்புறும் அடியான் குறி. ஏசாயா 53ஆம் அதிகாரத்தில், இகழப்பட்டவனாய், நோய் அறிந்தவனாய், பிறர் துயரத்தைச் சுமந்தவனாய் ஓர் அடியான் வருகின்றான். அந்நூலின் 41, 44, 49ஆம் அதிகாரங்களில் அடியான் எனப்பட்டது இசுரவேல் மக்களே. அதுபற்றி 1105இல் மறைந்த இராசி என்னும் யூத உரையாசிரியர் ஈண்டும் அம்மக்களையே பொருளாகக் கொண்டார். கிறித்தவர் இயேசுவைக் கொண்டனர். பாபிலோனியத் தால்முதில் மற்றொரு கருத்தும் உண்டு: மேசியா உரோமை நகரின் வாயிலில் நோயாளரான வறியோர் நடுவே அமர்ந்து, புண்களுக்கு ஒவ்வொன்றாகக் கட்டு அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பான் என்பதும், அவனுக்குத் தொழுநோயன் என்பதோர் பெயர் என்பதும் அங்குக் காணப்படும். கி.பி. 400ஐ ஒட்டி இலத்தீனில் மொழிபெயர்த்த எரோனிமும் இவ்வதிகாரத்து அடியானைத் தொழுநோயாளன் போன்றவன் என்றே எழுதினார்.

ஈண்டுக் கொல்லிமலைக்கு மீள்வோம். ஜெஸ்ஸி பிராண்டு ஓரளவு மருத்துவம் பயின்று வந்தவர். எவெலினோடு ஊர் ஊராய் நடந்து நோய்க்கு மருந்தும் புண்ணுக்குக் கட்டும் இட்டார். மலைமேற் குடியேறிய அவர்களைத் தொடக்கத்தில் எதிர்த்து நின்றாருள் உள்ளூர்ப் பூசாரி ஒருவர் முதன்மையானவர். 1918ஆம் ஆண்டுப் பெருங்காய்ச்சல் மலையேறியபோது, அஞ்சி விலகினோர் நடுவே அவ்விருவரும் கஞ்சி காய்ச்சி வீடுதோறும் கொடுத்தனர். இறக்குந் தறுவாயில் அப்பூசாரி தம் மக்களை அவர்கள் கையிலேயே ஒப்புவித்தார் என அவர்கள் குடும்ப வரலாறு கூறும். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலால் இறந்தார். எவெலின் முதுமையிலும் மலைகளை விடாது உழைத்து 1974இல் மறைந்தார். அவர்களுக்கு 1914இல் பிறந்த மகன் பால் பிராண்டு வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாற் கோணிய கைகளை அறுவையால் நிமிர்த்தும் முறையை வளர்த்து உலகறியப் பெற்றார்.

அப்பூசாரியின் நெஞ்சை மாற்றியது எது? அல்மா என்னும் சொல்லாராய்ச்சியா? விண்மீன் குறியா? எழுநூறு ஆண்டுக் கணக்கா? கஞ்சியே என்பதில் ஐயம் உண்டோ? துன்புறும் அடியான் யார் என்னும் வாதத்தில் யூதரும் கிறித்தவரும் இன்னும் உடன்படவில்லை. அவன் என்ன செய்வான் என்பதில் இருவர்க்கும் பிணக்கில்லை. அக்குறி ஓர் ஆளை அடையாளங் காட்டும் சான்றாக நின்றபோது பிரிவினையை விளைத்தது. ஒரு தொண்டினைச் செய்விக்கும் ஏவலாக நின்றபோது கொல்லிமலையில் உயிரைக் காத்தது. பிராண்டு குடும்பத்தார் மதமாற்றத்தை நாடி வந்தவர் என்பதனை நாம் மறக்கவேண்டுவதில்லை. அக்கொள்கையில் அவரோடு உடன்படவேண்டுவதுமில்லை. ஆயின், அவர் குறியை மறுக்கும் சைவன், அக்கஞ்சிக்கு என்ன மறுப்பு வைத்துள்ளான் என்பது வாதமேடையில் விடைபெறும் வினாவன்று.

விடை நம் நூல்களில் இல்லாமலில்லை. உடலெலாம் அழுகிய தொழுநோயராயினும் கங்கைவார் சடையார்க்கு அன்பராயின் அவரே யாம் வணங்கும் கடவுள் என்பது திருநாவுக்கரசு சுவாமிகள் திருவுள்ளம். நடமாடும் கோயிலாகிய மக்கட்கு இட்டது படமாடும் கோயிலில் உறையும் பரமனுக்கும் சென்று சேரும் என்பது திருமூலர் கருத்து. தால்முது கூறும் வாயிற்புறத்துத் தொழுநோயனையும், அப்பரடிகள் வணங்கிய தொழுநோயரையும் ஒன்றென்று சொல்ல வேண்டா. அங்ஙனம் சொல்லின் நாம் வகுத்த விதியை நாமே மீறுவோம். அவரவர் நேர்ப்பொருள் அவரவர்க்கு நிற்க. ஆனால் அப்பரடிகள் வாக்கின் நேர்ப்பொருளே நமக்குப் போதியது. அதனை உயர்வு நவிற்சியாகவும் உருவகமாகவும் கொண்டு கையில் புழுதி படாமல் கடந்து போதல், குறியாகாததைக் குறியாக்கும் பிழையாகும். பிறர் குறிகளை எழுத்தாகப் படித்தலினும், நமக்கு இடப்பட்ட நேர்க்கட்டளையைக் குறியாகப் படித்தல் பெரும் பிழை என்க.

ஆதலின், மேசியாக் குறிகளைக் காட்டி வாதிக்க வருவார்க்கு நாம் கூறத்தக்கன இவை: உம் குறிகளை நிலமும் பொழுதும் அறிந்து படித்தோம், அவற்றின் நேர்ப்பொருளை மதிக்கின்றோம், நீர் கண்ட மேற்பொருள் உமக்கு அநுபவமாயின் அதனை இகழோம், எமக்கு அது பிரமாணமாகாது, எம் குறிகட்கும் அம்மதிப்பையே உம்மிடம் வேண்டுகின்றோம். இவ்வளவும் வாயாற் சொல்லத்தக்கவை. இவற்றைச் சொல்லும் உரிமையோ, நாவலர் பெருமானைப் போலப் படித்தார்க்கும், அப்பரடிகள் வாக்கைக் கையாற் செய்தார்க்குமே உரியது. அறப்பள்ளி ஈசன் திருவடி அவ்வுரிமையை நமக்கு அருளுமாக.

திருச்சிற்றம்பலம்.